பரோசாவில் ஒரு நாள்: வாசகர் கேள்வி, என் பதில்

திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியாரையும் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு, தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பரோசா பள்ளத்தாக்கில் ஒரு நாள் சுற்றியதைப் போன மாத இதழில் பத்து வரிகளில் எழுதியிருந்தேன். வைன் ருசி பார்ப்பதும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவதும்தான் அன்றைய வேலை. அந்தப் பத்து வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை நிறைய இருக்கின்றன. இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

மகன் அடிலெய்டில் படிக்கிறான். நாங்கள் இருவரும் மே மாதம் போகிறோம். ஒரே நாளில் ஆறு வைனரி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பஸ் டூர் இருக்கிறதாம். பதிவு செய்துவிடலாமா?
– கோவை வாசகர்

ஆறு வேண்டாம் ஐயா. மூன்று போதும், இரண்டு என்றாலும் குறைவில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். ருசி பார்க்க ஊற்றுவது ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி. ஒரு இடத்தில் ஐந்தாறு வகை தருவார்கள். ஆறு இடம், ஆறு வகை என்றால் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். பரோசா சிவப்பு வைனில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் என்பது சாதாரணம். இதில் பாதியைக் குடித்தாலே மதியத்துக்கு மேல் நாக்கும் வேலை செய்யாது, தலையும் வேலை செய்யாது. நான் இங்கே வந்த முதல் வருடம் தோழிகளோடு ஒரே நாளில் ஐந்து இடம் ஏறி இறங்கினேன். நான்காவது இடத்தில் எந்தக் கிளாஸில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று, சமையலறையை மூடிவிட்டார்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு வீடு வந்தோம். காசு கொடுத்து அந்த நாளை வீணாக்கினோம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே 60, 70 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். டனண்டா, நூரியூட்பா, ஆங்காஸ்டன் என்று மூன்று சிற்றூர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். டனண்டாவில் ஒரு பேக்கரியில் காபியும் ஸ்ட்ரூசல் கேக்கும் சாப்பிட்டுவிட்டு (வெறும் வயிற்றில் எங்கேயும் நுழையாதீர்கள்) பதினொரு மணிக்கு முதல் இடம். சின்ன, குடும்பமாக நடத்துகிற வைனரியாகப் பார்த்துப் போனால் ஊற்றிக் கொடுப்பவரே தோட்டத்தில் கவாத்து செய்தவராக இருப்பார், அவரிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மேஜை, இரண்டு மணி நேரம் அங்கேதான். மூன்று மணிக்கு செப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்கிற பழைய வைனரி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களை நாலரை, ஐந்துக்கு மூடிவிடுவார்கள், அதோடு நாள் முடிந்தது. மே மாதம் நீங்கள் வருவது நல்ல வேளை. அறுவடை முடிந்திருக்கும், ஆனால் இலைகள் மஞ்சளும் செம்மண் நிறமுமாக மாறிக்கொண்டிருக்கும்.

மேஜையும் டேஸ்டிங்கும் முன்பதிவு செய்யாமல் சனி, ஞாயிறு போகாதீர்கள்.

எனக்குக் குடிப் பழக்கம் இல்லை. மருமகன் ஆசையாகக் கூப்பிடுகிறார். நான் போய் அங்கே என்ன செய்வது? அவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?
– திண்டுக்கல் வாசகி

தாராளமாகப் போங்கள் அம்மா. யாரும் உங்களைக் குடிக்கச் சொல்லமாட்டார்கள். "எனக்கு வேண்டாம், நான் கூட வந்தவள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரோ திராட்சை ஜூஸோ கொடுத்துவிட்டு உங்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்வார்கள். வாசனை பார்க்க ஆசையிருந்தால் கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டுக் கொடுத்துவிடலாம், அதிலே பாதி அனுபவம் கிடைத்துவிடும்.

ஊரும் பார்க்க வேண்டிய ஊர். 1842-இல் சைலீசியா பக்கத்திலிருந்து (அன்று பிரஷ்யாவின் ஒரு பகுதி) வந்த லூத்தரன் கிறிஸ்தவ ஜெர்மானியர்கள் இங்கே முதலில் பெத்தனி என்ற ஊரில் குடியேறினார்கள். பிரஷ்யா அரசர் தங்கள் வழிபாட்டு முறையை மாற்றச் சொன்னதை ஏற்காமல் கப்பல் ஏறிய சனம். அவர்களின் கைப்பக்குவம் இன்னும் கடைகளில் இருக்கிறது. வெள்ளரிப் பிஞ்சை டில் கீரையோடு உப்புநீரில் ஊறப்போட்டு வைப்பார்கள், கண்காட்சியில் யார் வீட்டு வெள்ளரி சிறந்தது என்று போட்டியே நடக்கும். நம் வீட்டில் மாவடு ஜாடியை எப்படி மதிப்போமோ அப்படி. கறி சாப்பிடுகிறவர்களுக்கு மெட்வர்ஸ்ட் என்கிற புகையிட்ட சாஸேஜ் உண்டு.

இன்னொன்றையும் தேடி வாங்குங்கள். வெர்ஜூஸ் என்று பெயர், பழுக்காத திராட்சையைப் பிழிந்தெடுத்த புளிப்புச் சாறு, ஆல்கஹால் கிடையாது. ஐரோப்பாவில் பழைய காலத்துப் பண்டம், 1980-களில் பரோசாவைச் சேர்ந்த சமையற்கலைஞர் மேகி பியர்தான் அதை ஆஸ்திரேலியச் சமையலுக்குக் கொண்டுவந்தார். எலுமிச்சையைவிட மென்மையான புளிப்பு. நான் கத்தரிக்காய் வதக்கலில் புளிக்குப் பதில் இதை ஊற்றிப் பார்த்தேன், அடுத்த நாளே இன்னொரு பாட்டில் வாங்கிவிட்டேன்.

நேரம் இருந்தால் மெங்லர் மலை மேடையில் ஏறிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். குழந்தைகள் கூட வந்தால் வில்லியம்ஸ்டவுன் பக்கம் ஒரு பழைய அணை இருக்கிறது. 1902-இல் கட்டி முடித்தது, வில் மாதிரி வளைந்த சுவர். ஒரு முனையில் கிசுகிசுத்தால் நூற்று நாற்பது மீட்டர் தள்ளி மறுமுனையில் நிற்பவர் காதில் தெளிவாகக் கேட்கும்.

நான்கு பேர் போகிறோம். நான்தான் வண்டி ஓட்டுவேன். அளவாகக் குடித்துவிட்டு ஓட்டலாம்தானே?
– சிட்னி வாசகர்

கூடாது. சட்டப்படி ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பி பிளேட் ஓட்டுநர் (புதிதாக உரிமம் வாங்கியவர்) என்றால் பூஜ்யம். ஆனால் அந்த 0.05 உங்கள் உடம்பில் எத்தனை மடக்கில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே இருப்பவை குறுகலான கிராமத்து ரோடுகள், மாலை நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும். போலீஸ் எந்த இடத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம்.

ஓட்டுபவர் அன்று ஒரு சொட்டும் குடிக்காமல் இருக்கட்டும். இல்லையென்றால் டிரைவரோடு வண்டி எடுங்கள், நான்கு பேர் பங்கிட்டால் தாங்கும். புறநகர் ரயில் காவ்லர் வரைதான், அதற்கு மேல் பயணிகள் ரயில் இல்லை.

ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும் என்கிறார்களே, நாலு பேர் முன்னால் அது அநாகரிகம் இல்லையா? ஒரு தடவை போனேன், பக்கத்தில் இருந்தவர் "மிளகு வாசம்" என்றார், எனக்கு எதுவும் தெரியவில்லை. என் மூக்கில் கோளாறா?
– பெங்களூரு வாசகி

துப்புவது அங்கே மரியாதையான செயல். தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் துப்பத்தான் செய்கிறார்கள், கவுன்டரில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சமாக இருந்தால் ஒரு காகிதக் கப் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அந்தப் பாத்திரத்தில் கொட்டலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். மெதுவாக ஒரு சுழற்று, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகருங்கள். அப்புறம் ஒரு சின்ன மடக்கு, அதை வாய் முழுக்கப் பரவவிட்டுப் பத்து எண்ணுங்கள். கன்னத்தின் உள்பக்கமும் ஈறும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் வருமே, அதேதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற டானின். வெள்ளை முதலில், சிவப்பு அப்புறம், இனிப்பானது கடைசியில். நடுநடுவே தண்ணீர். அன்றைக்கு மட்டும் சென்ட் போடாதீர்கள், மல்லிகைப்பூவும் வேண்டாம். போன மாதம் என் நாத்தனார் முழமாக வைத்துக்கொண்டு வந்தாள், மேஜையில் இருந்த ஆறு கிளாஸும் மல்லிகை வாசம் அடித்தது. காரில் கழற்றி வைத்துவிட்டு வந்த பிறகுதான் அவளுக்கே மற்ற வாசனைகள் பிடிபட்டன.

மிளகு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூக்கில் கோளாறு இல்லை. ஷிராஸ் என்கிற சிவப்புத் திராட்சை வைனில் வருகிற அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்கிற பொருள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகில் இருப்பதும் இதே பொருள்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், 2008-இல். அவர்கள் சோதித்துப் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். இல்லை, அன்று ஊற்றியதில் அது குறைவாக இருந்திருக்கலாம். குளிர்ப் பிரதேசத்து ஷிராஸில்தான் மிளகு தூக்கலாக இருக்கும். பரோசாவின் தரைப் பகுதி வெயில் ஊர், அங்கே கறுத்த பழங்களும் சாக்லேட்டும்தான் முன்னால் நிற்கும்.

அப்படியே கிழக்கே மேடேறி ஈடன் வேலி என்ற ஊர்ப் பக்கம் போனால் ரீஸ்லிங் என்கிற வெள்ளை கிடைக்கும். இளசாக இருக்கும்போது எலுமிச்சைத் தோலைக் கிள்ளின வாசனை. பத்து வருடம் கிடந்தால் அதிலிருந்து லேசாக மண்ணெண்ணெய் வாசம் கிளம்பும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அந்த வகையின் இயல்பே அதுதான், அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நம் காரத்துக்கும் புளிப்புக்கும் பரோசா சிவப்பைவிட இந்த ரீஸ்லிங்தான் ஒத்துப்போகும். கனமான சிவப்பின் ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை இன்னும் எரிய வைக்கும்.

குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் குடியைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் குடியால் தாலி இழந்தவர்கள் மூன்று பேர். இதை எழுதத்தான் வேண்டுமா?
– திருநெல்வேலி வாசகி

உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன் அக்கா. உங்கள் கோபத்தில் ஒரு எழுத்தும் தவறில்லை. என் பெரியப்பாவைக் குடிக்குக் கொடுத்த குடும்பம்தான் எங்களுடையது. பெரியம்மா மாவாட்டி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அதனால்தான் எண்ணிக்கையையும் மில்லியையும் இவ்வளவு கறாராக எழுதுகிறேன். குடிக்காதவரை இந்தப் பக்கம் குடிக்கச் சொல்லாது, எந்தக் காலத்திலும். ஆனால் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இருந்து இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. போகத்தான் போகிறார்கள், விவரம் தெரிந்து போகட்டும் என்று நினைக்கிறேன். பரோசாவில் நான் பார்த்து மதிப்பது விவசாயத்தை. அதற்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள். அப்போதும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அதையும் வெளியிடுவேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். எங்கள் கொடி 15, 20 வருடத்தில் ஓய்ந்துவிடும். அங்கே நூறு வருடக் கொடி என்று எழுதியிருந்தீர்கள். உண்மையா? எப்படி?
– தேனி மாவட்ட வாசகர்

உண்மை ஐயா. நூறைத் தாண்டியதும் உண்டு. டனண்டாவில் லாங்மைல் வைனரியின் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அடிமரம் நம் ஊர் முருங்கை அடி மாதிரி முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து, நடுவே பொந்து விழுந்து நிற்கும். பார்த்தால் காய்ந்த கட்டை. செப்டம்பரில் அதிலிருந்து துளிர் வரும்.

முதல் காரணம் ஒரு பூச்சி அங்கே வராதது. பிலோக்செரா என்று பெயர், வேரைத் தின்னும் பேன் போன்ற பூச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது அதுதான். அதன் பிறகு அங்கே அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. அதனால் சொந்த வேரில் நிற்கிற பழைய கொடிகள் தப்பின. (போட்டோ எடுக்கக் கொடிகளுக்கு நடுவே இறங்குகிற நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். செருப்பில் ஒட்டிய மண்ணிலேயே அந்தப் பூச்சி வந்துவிடலாம். வாசலில் போர்டு வைத்திருப்பார்கள், தயவுசெய்து மதியுங்கள்.)

இரண்டாவது, குளிர். அங்கே ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கொடி இலை உதிர்த்து முழுசாகத் தூங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். உங்கள் ஊரில் கொடிக்குத் தூக்கமே கிடையாது, நீங்கள் கவாத்து செய்கிற தேதிதான் அதற்குப் பருவம், வருடம் முழுக்கப் பழம் வருகிறது. அதுதான் கம்பத்தின் பெருமை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்ததும் அந்தச் சிறப்புதான். ஆனால் ஓய்வில்லாமல் காய்க்கிற கொடி சீக்கிரம் களைத்துப்போகும். வயதான கொடியில் விளைச்சல் குறைவு, பழம் பொடிசு, தோல் தடிப்பு. சந்தைக்குப் போகிற பழத்துக்கு அது நஷ்டம், வைனுக்கு அதுதான் ருசி.

2009-இல் பரோசாக்காரர்கள் கொடிகளுக்கு வயதுப்படி பெயரே வைத்தார்கள். 35 தாண்டினால் முதியது, 70 தாண்டினால் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. பாட்டில் லேபிளில் பார்க்கலாம்.

இதற்குள் ஒரு வலியும் இருக்கிறது, விவசாயி என்பதால் உங்களுக்கு அது புரியும். 1970-களின் கடைசியில் திராட்சை மலிந்து விலை விழுந்தது. அப்போது ஒரு பெரிய வைனரியில் தலைமை வைன் தயாரிப்பாளராக இருந்தவர் பீட்டர் லேமன். விவசாயிகளிடம் இந்த வருடம் பழம் வாங்காதே என்று மேலிடம் சொல்லிவிட்டது. பல வருடமாகக் கைகுலுக்கி, வாய்வார்த்தையிலேயே பழம் வாங்கி வந்தவர் அவர். சொன்ன சொல்லை மீற மாட்டேன் என்று 1979-இல் வெளியே காசு திரட்டித் தனியாக நிறுவனம் தொடங்கி, அந்தப் பழத்தை வாங்கினார். அப்படியும் 1980-களின் நடுவில் அரசாங்கமே பணம் கொடுத்துக் கொடியைப் பிடுங்கச் சொன்னது. எத்தனையோ பழைய தோட்டங்கள் போயின. அன்று பிடுங்காமல் விட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று அந்த வயதைப் பெருமையாக லேபிளில் போடுகிறார்கள்.

செப்பல்ட்ஸ்ஃபீல்டில் நாம் பிறந்த வருடத்து வைனை ருசி பார்க்கலாமாமே. காசு கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. தேவையா?
– சிங்கப்பூர் வாசகர்

மற்ற எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

ஜோசஃப் செப்பல்ட் 1851-இல் அந்த நிலத்தை வாங்கியது புகையிலை போட. அது சரிப்படவில்லை, திராட்சைக்கு மாறினார். அவர் மகன் பென்னோ 1878-இல் புதுக் கிடங்கு கட்டி முடித்த சந்தோஷத்தில், தான் செய்ததிலேயே சிறந்த போர்ட் வகை இனிப்பு வைனை 500 லிட்டர் பீப்பாய் ஒன்றில் நிரப்பி, நூறு வருடத்துக்கு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்தார். அதை ருசி பார்க்கத் தான் இருக்கமாட்டோம் என்று தெரிந்தே வைத்த பீப்பாய். அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று, ஒரு வருடமும் விடாமல் வைத்து வருகிறார்கள். போர் நடந்தபோதும் வைத்தார்கள், பஞ்சத்திலும் வைத்தார்கள். முதல் பீப்பாயை 1978-இல் திறந்தார்கள்.

அங்கே போகிற சாலையின் இரண்டு பக்கமும் ஈச்ச மரங்கள், இரண்டாயிரத்துக்கு மேல். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையாட்களை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல், மரம் நடுகிற வேலையைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அப்போது நட்டவை அவை.

மேல் மாடிக் கிடங்கில் நுழைந்தவுடன் வாசனை வந்து மோதும். பீப்பாய் முகப்பில் வருடம் மட்டும் எழுதியிருக்கும், வரிசையாக, ரயில் பெட்டி மாதிரி. என் மாமியார் பிறந்தது 1951. அவர் குடிக்கமாட்டார், ஆனாலும் அந்தப் பீப்பாய் முன்னால் போய் நின்று அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய வைனரிப் பெண், பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் எடுத்துச் சின்னக் கிளாஸில் விட்டு அவரிடம் நீட்டினாள். சிவப்பு போய்ப் பழுப்பாகி, வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் பச்சை தெரிந்தது. கிளாஸைச் சாய்த்துவிட்டு நிமிர்த்தினால் பக்கங்களில் எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. மாமியார் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க அம்மா கருப்பட்டிப் பாகு காய்ச்சுவாங்க, கடைசியில சட்டி அடியில பிடிக்குமே, அந்த வாசனை" என்றார்.

நான் நூறு வருட வைனையும் ருசித்தேன். தேக்கரண்டி அளவுதான் தருவார்கள். ஆவியாகிப் போய்ப் போய்ப் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம், அதனால் பாகாக இருக்கிறது. முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, அப்புறம் காபிக் கொட்டை வறுத்த கசப்பு. காரில் ஏறி கால் மணி நேரம் ஆன பிறகும் நாக்கில் இருந்தது. கிளாஸில் கடைசித் துளியை வீணாக்காமல் விரலால் வழித்தேன், அந்தப் பெண், "எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்" என்றாள்.

முன்பதிவு கட்டாயம்.

நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா? வைனில் முட்டை சேர்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார், நிஜமா?
– மயிலாப்பூர் வாசகி

நிஜம்தான், நல்ல கேள்வி. வைனைத் தெளிய வைக்கவும் துவர்ப்பைக் குறைக்கவும் சிலர் முட்டை வெள்ளைக்கரு, பாலில் இருந்து எடுக்கும் கேசின், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஒரு பொருள், இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அது கசடோடு அடியில் தங்கிவிடும், பிறகு வடித்துவிடுவார்கள். ஆனால் பட்டது பட்டதுதான் என்று நினைப்பவர்களுக்கு அது ஏற்காது. பென்டோனைட் என்ற களிமண்ணை மட்டும் பயன்படுத்துபவர்களும், எதையுமே சேர்க்காமல் விடுபவர்களும் நிறைய இருக்கிறார்கள். "வீகனா?" (விலங்குப் பொருள் எதுவும் சேராததா) என்று ஒரே வார்த்தையில் கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு, பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மீன், கோழி சூப்பும் கூடாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வெறும் "வெஜிடேரியன்" என்றால் சில இடங்களில் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்த சாதம் வந்துவிடும். முன்கூட்டிச் சொன்னால் அக்கறையாகச் செய்கிறார்கள். போன மாதம் எங்கள் மேஜைக்கு வந்த பூசணிக்காய், விறகடுப்பில் தோலோடு சுட்டு, மேலே வறுத்த பாதாமும் வெர்ஜூஸும் விட்டது, கரண்டி வைத்தால் அல்வாவாக இறங்கியது. மாமியார் இரண்டாவது தட்டு கேட்டார். காரம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட் கைப்பையில் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

சனிக்கிழமை காலை என்றால் ஆங்காஸ்டன் பக்கம் உழவர் சந்தை கூடும். சீக்கிரம் போங்கள், பதினொன்றரைக்குக் கலைந்துவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்சமாக ருசி பார்க்கலாமா?
– ஓசூர் வாசகர்

டாக்டரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான். சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் ஆல்கஹால் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், அதுவும் உடனே இல்லை, சில மணி நேரம் கழித்து, ராத்திரித் தூக்கத்தில்கூட. தள்ளாட்டம், வியர்வை வந்தால் போதை என்று நினைத்து விட்டுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. டாக்டர் சரி என்றாலும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மட்டும், துப்புகிற முறையில். கடைசியில் வரும் இனிப்பு வைன் வேண்டவே வேண்டாம்.

ஊருக்கு எத்தனை பாட்டில் எடுத்து வரலாம்?
– சென்னை வாசகர்

வரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர், ஆக 750 மில்லி பாட்டில் இரண்டு. செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள். வாங்கிய அன்று காரில் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், ஒரு மதியச் சூட்டில் வைன் வெந்துவிடும். ஜனவரியில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் உண்டு.

நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து மெல்பேர்ணில இருக்கிறம். பிள்ளைகளோட கார்ல வரலாம் எண்டு இருக்கிறம். என்ன கவனிக்கோணும் அக்கா?
– மெல்பேர்ண் வாசகி

அடிலெய்டு வரையே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், தங்கை. ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு அடுத்த நாள் காலையில் டேஸ்டிங் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், இடையில் ஒரு இரவு தங்குங்கள். பிள்ளைகளுக்கு வழிக்குப் பழம் எடுத்து வைப்பீர்கள் இல்லையா, அதை மாநில எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பழ ஈ உள்ளே வந்துவிடக் கூடாது என்று தெற்கு ஆஸ்திரேலியாவில் கடுமையாக இருக்கிறார்கள், மிச்சம் இருந்தால் எல்லையில் வைத்திருக்கும் தொட்டியில் போட வேண்டும், மறைத்து எடுத்து வந்தால் அபராதம். வீட்டு முற்றத்துத் திராட்சைக் கொடியில் தண்டு வெட்டி இங்கே யாருக்காவது கொடுக்கலாம் என்று கொண்டுவருவதும் கூடாது, காரணம் மேலே சொன்ன அதே பூச்சி.

புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வாருங்கள், அதற்குத் தடை இல்லை. மெங்லர் மலையில் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் இருக்கிறது.